சமூக வலைத்தளங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியும் செல்பேசியும் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் கடைசியில் பேச்சு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் பக்கம் வந்துவிடும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றைக் கொஞ்சம் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

எதையெல்லாம் சமூக வலைத்தளம் என்கிறோம்?

ஆளுக்கொரு பக்கம், யாருக்கு யாரைத் தெரியும் என்ற பட்டியல், பட்டியலில் இருப்பவர்கள் எழுதுவதைப் படிக்க ஓர் இடம். இந்த மூன்றும் சேர்ந்து முதலில் அமைந்த தளம் என்று 1997-இல் வந்த சிக்ஸ்டிகிரீஸைச் சொல்வார்கள். பிறகு ஃபிரெண்ட்ஸ்டர், மைஸ்பேஸ், ஆர்குட். 2004 பிப்ரவரியில் ஃபேஸ்புக்.

அந்தக் காலத்தில் ஒருவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தெரிய, அவர் பக்கத்துக்கு நாமே போய்ப் பார்க்க வேண்டும். 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் நியூஸ் ஃபீடைக் கொண்டுவந்தது. நண்பர்கள் செய்வதெல்லாம் தானாக வந்து ஒரே இடத்தில் கொட்டியது. பயனர்கள் கொதித்துப்போய் எதிர்ப்புக் குழு ஆரம்பித்தார்கள். அந்தக் குழுவுக்கு லட்சக்கணக்கில் ஆள் சேர்த்துக் கொடுத்ததே அதே நியூஸ் ஃபீட்தான் என்பது வேடிக்கை. அடுத்து டிக்டாக் வந்தது. அதில் நீங்கள் ஒருவரையும் பின்தொடராவிட்டாலும் காணொளி ஓடிக்கொண்டே இருக்கும். மற்றவர்களும் அதே வழிக்கு வந்துவிட்டார்கள்.

ஆக, இன்று ஒரே செயலிக்குள் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று, தெரிந்தவர்களின் வலை. இன்னொன்று, முன்பின் தெரியாதவர்கள் வந்துபோகும் தொலைக்காட்சி. கீழே நான் நன்மை என்று சொல்வதில் பெரும்பகுதி முதலாவதிலிருந்து வருவது. தொல்லை பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து. வாட்ஸப் குரூப்புகளையும் இதில் சேர்த்தே பேசுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நல்லதா, கெட்டதா?

ஒரு சோதனையைச் சொல்கிறேன். 2018-இல் நியூயார்க், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர்கள், அமெரிக்காவில் ஒரு பகுதியினருக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக் கணக்கை முடக்கி வைக்கச் சொன்னார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. அதில் கொஞ்சம் தொலைக்காட்சிக்குப் போனது, கொஞ்சம் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் போனது. மனநிறைவு கூடியது, ஆனால் சிறிய அளவில்தான். அரசியல் காழ்ப்பு கொஞ்சம் தணிந்தது. அதே சமயம் நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. சோதனை முடிந்து திரும்பி வந்தவர்கள் முன்பைவிடக் குறைவாகவே ஃபேஸ்புக் பார்த்தார்கள்.

விட்டவர்களுக்கு வரவும் இருந்தது, செலவும் இருந்தது. அதனால்தான் ஒரே வார்த்தையில் பதில் கேட்டால் தயங்குகிறேன்.

உருப்படியான நன்மை என்று எதைச் சொல்வீர்கள்?

தூரத்து அறிமுகங்கள். நெருங்கிய நண்பரோடு பேச எந்தத் தளமும் வேண்டாம், ஒரு ஃபோன் போதும். ஆனால் பத்து வருடத்துக்கு முன் ஒரே அலுவலகத்தில் இருந்தவர், ஒரு பயிற்சியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் போன்றவர்களை யாரும் ஃபோன் போட்டு விசாரிப்பதில்லை. அவர்களோடு இருக்கும் மெல்லிய நூல் அறுந்துபோகாமல் வைத்திருப்பதில் இந்தத் தளங்களுக்கு ஈடில்லை.

அந்த நூலுக்கு மதிப்பு உண்டு. மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே இதை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், 'அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?' என்று விசாரித்தார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்ற எல்லோருக்கும் எப்போதாவது பார்ப்பவரோ, அபூர்வமாகப் பார்ப்பவரோதான் தகவல் கொடுத்திருக்கிறார். யோசித்தால் புரியும்: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வெளிவட்டத்திலிருந்துதான் வர வேண்டும். 2022-இல் வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை வைத்து நடத்திய ஆய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது. ஒரு திருத்தம்: முற்றிலும் அந்நியரும் உதவவில்லை, மிக நெருங்கியவரும் அவ்வளவாக உதவவில்லை, நடுவில் இருந்தவர்கள்தான் கைகொடுத்தார்கள்.

இன்னொரு நன்மை, அபூர்வமான சிக்கல் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் துணை. லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்றால், சுற்றுவட்டாரத்தில் அதே நோயுள்ள இன்னொருவரைச் சந்திக்கவே முடியாது. ஒரு குழுவில் சேர்ந்தால் நூறு பேர் இருப்பார்கள். மருந்தை அவர்களிடம் கேட்கக் கூடாது, அதற்கு மருத்துவர் இருக்கிறார். 'இரவில் இந்த வலி வரும்போது எப்படிப் படுப்பீர்கள்?' என்பதை அவர்களிடம்தான் கேட்க முடியும்.

கூட்டமாகச் சேர்ந்தால் பெரிய காரியமும் நடக்கிறது. 2014-இல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சவால் பரவியபோது 'இதென்ன கோமாளித்தனம்' என்றுதான் நானும் நினைத்தேன். அதன் மூலம் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்த நிதியின் உதவியோடு நடந்த ஆய்வில், அந்த நரம்பு நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு 2016-இல் அடையாளம் காணப்பட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்து நிமிடம் என்று திறக்கிறேன், ஒரு மணி நேரம் போய்விடுகிறது. எனக்கு மன உறுதி இல்லையா?

உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல மாட்டேன். எதிர்ப்பக்கத்தில் இருப்பது பெரிய படை.

புத்தகத்தில் அத்தியாயம் முடியும். செய்தித்தாளில் கடைசிப் பக்கம் வரும். அந்த இடத்தில் 'போதுமா, இன்னும் வேண்டுமா?' என்று மனது ஒரு கணம் யோசிக்கும். அந்த ஒரு கணத்தைத்தான் எடுத்துவிட்டார்கள். கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் ஸ்குரோலை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். அதற்காக வருந்துவதாகப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். காணொளி தானாக அடுத்ததற்குத் தாவுவதும் இதே தந்திரம்தான்.

அப்புறம், எப்போது நல்லது வரும் என்று தெரியாமல் இருப்பது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் தீனி வந்தால், பசி அடங்கியதும் பிராணி போய்விடும். எப்போதாவது ஒரு முறை வரும் என்றால் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து இதைக் காட்டினார். சூதாட்ட இயந்திரமும் இதை நம்பித்தான் ஓடுகிறது. நாம் பார்ப்பதில் ஒன்பது சாதாரணம், பத்தாவது பிரமாதம். அந்தப் பத்தாவதுக்காகத்தான் கட்டைவிரல் ஓயாமல் நகர்கிறது.

என் மாணவர்களுக்குப் பலித்தவற்றைச் சொல்கிறேன். செயலியை நீக்கிவிட்டு உலாவி (பிரவுசர்) வழியாக மட்டும் பார்ப்பது, முடித்ததும் லாக் அவுட் செய்துவிடுவது: ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு போட வேண்டிய சலிப்பே பாதிப் பேரைத் தடுத்துவிடும். மனிதர் நேரடியாக அனுப்பும் செய்தியைத் தவிர மற்ற எல்லா நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துவது. ஃபோனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுவது (எழுப்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள், சாக்கு சொல்ல வழி இருக்காது). திறக்கும் முன் 'எதற்காக?' என்று வாய்விட்டுச் சொல்வதும் உதவுகிறது, கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும். செயலிக்குள் இருக்கும் நேர வரம்பு வசதியை நான் பெரிதாக நம்புவதில்லை. எச்சரிக்கை வந்ததும் ஒரே தட்டில் தள்ளிவிடலாம், எல்லோரும் தள்ளிவிடுகிறார்கள்.

எல்லாம் இலவசமாகத் தருகிறார்களே, அவர்களுக்கு என்ன லாபம்?

விளம்பரம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றுக்கும் உரிமையாளரான மெட்டாவின் வருமானத்தில் மிகப் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்துதான் வருகிறது. யாருக்கு எந்த விளம்பரம் எடுபடும் என்று கணிக்க உங்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் அதிக நேரம் உள்ளே இருக்கவும் வேண்டும். முந்தைய கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது.

திரட்டிய தகவல் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் இருக்கிறது. ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் வந்த ஒரு செயலியை நிறுவியவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர்தான். அவர்களின் நண்பர்கள் விவரமும் சேர்த்து எடுக்கப்பட்டதால் 8.7 கோடிப் பேர் வரை சிக்கினார்கள். 2018-இல் இது வெளியே வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. என்னைக் குடைவது அந்த மிச்சம் 8 கோடிச் சொச்சம் பேர்தான். அவர்கள் எந்தப் பொத்தானையும் அழுத்தவே இல்லை.

'நீங்கள் போன பிறவியில் யார்?' வகைப் புதிர்களை இனிமேல் விட்டுவிடுங்கள்.

செருப்பு வாங்க வேண்டும் என்று பேசினேன், உடனே செருப்பு விளம்பரம் வந்தது. ஃபோன் ஒட்டுக்கேட்கிறதா?

அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பும் செயலி எதுவும் அதில் அகப்படவில்லை. சில செயலிகள் திரையில் நடப்பதைப் படம்பிடித்து வெளியே அனுப்பியது அகப்பட்டது.

ஒட்டுக்கேட்க அவசியமும் இல்லை. நீங்கள் பார்த்த கடைத் தளங்களில் பலவும் அந்தத் தகவலை விளம்பர நிறுவனத்துக்கு அனுப்புகின்றன. உங்களோடு ஒரே வைஃபையில் இருப்பவர் செருப்பைத் தேடியிருக்கலாம். வராத விளம்பரங்களை நாம் எண்ணுவதில்லை என்பதும் ஒன்று. எப்படியிருந்தாலும் மைக், இருப்பிடம், தொடர்புப் பட்டியல் மூன்றுக்கும் எந்தெந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று அமைப்புகளுக்குள் போய் ஒரு முறை பாருங்கள். டார்ச் லைட் செயலிக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு?

பொய்ச் செய்தி ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது?

மனிதர்களால்தான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் (இப்போதைய எக்ஸ்) சுற்றிய சுமார் 1.26 லட்சம் செய்திகளைப் பின்தொடர்ந்தார்கள். பொய் மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் தேவைப்பட்டது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. பொய் புதுமையாக இருக்கிறது, ஆச்சரியமோ அருவருப்போ மூட்டுகிறது. கை தானாக ஷேர் பொத்தானுக்குப் போகிறது.

இதிலிருந்தே ஒரு கைவைத்தியம் கிடைக்கிறது. ஒரு செய்தி உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வரவழைத்தால் அதையே எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள். தேதி இருக்கிறதா, இடம் இருக்கிறதா, வேறு இரண்டு செய்தி நிறுவனங்கள் சொல்லியிருக்கின்றனவா என்று பாருங்கள். படம் என்றால் படத்தைக் கொண்டு தேடும் வசதியில் போடுங்கள். பழைய படத்துக்குப் புதுக் கதை கட்டியிருந்தால் பெரும்பாலும் அங்கேயே அம்பலமாகும். இப்போது செயற்கை நுண்ணறிவால் முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்க முடிகிறது என்பதால், 'நான் கண்ணால் பார்த்தேனே' என்பது இனி சாட்சி ஆகாது.

தடை போட்டால் பலன் உண்டா என்றால், உண்டு. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே அரட்டைக்குத்தான் ஃபார்வர்டு செய்யலாம் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸப் கட்டுப்படுத்தியது. அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. பொய்யைத் தடுக்கச் சில நேரம் ஒரு சின்ன அசௌகரியமே போதுமானதாக இருக்கிறது.

குடும்ப குரூப்பில் பெரியவர் ஒருவர் தப்பான தகவல் போடுகிறார். திருத்தலாமா?

திருத்தலாம், குரூப்பில் வேண்டாம். தனியாக அனுப்புங்கள். எல்லோர் முன்னாலும் மூக்கறுபட்டவர் தகவலை விட்டுவிட்டு உங்களோடு சண்டைக்கு வருவார்.

இதனால் மனச்சோர்வு வருமா?

அறிவியல் உலகிலேயே இதில் அடிதடி நடக்கிறது. 2019-இல் ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினர் தொடர்பான தரவுகளை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய மனநலத்தில் காணும் ஏற்ற இறக்கத்தில் டிஜிட்டல் சாதனப் பயன்பாட்டோடு தொடர்புள்ளது அதிகபட்சம் 0.4 சதவீதம். அடிக்கடி உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்பு தென்பட்டது என்றும் அவர்கள் குறித்திருந்தார்கள்.

சரி, அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லையா? சராசரி ஒரு பொல்லாத கணக்கு. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஒன்றும் ஆகாமல், ஒருவருக்குப் பெரும் நன்மையும் ஒருவருக்கு அதே அளவு கடும் பாதிப்பும் ஏற்பட்டாலும் சராசரி பூஜ்யம்தான். தம் தோற்றம் பற்றிய கவலையை இன்ஸ்டாகிராம் மோசமாக்குவதாகப் பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்குத் தோன்றுகிறது என்று நிறுவனத்தின் உள் ஆவணம் ஒன்றில் இருந்தது 2021-இல் வெளியானது. நான் வகுப்பில் கண்ட வரையில், பாதிப்பது ஒப்பீடு. நம் வீட்டுச் சமையலறையை நாமே முழுதாகப் பார்க்கிறோம். அடுத்தவர் வீட்டில் அவர் துடைத்து வைத்த ஒரு மூலையை மட்டும் பார்க்கிறோம்.

பார்த்து முடித்ததும் உங்கள் மனம் எப்படி இருக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். எந்தக் கணக்கைப் பார்த்தபின் சோர்வு வருகிறதோ அதை ம்யூட் செய்யுங்கள். அவருக்குத் தெரியவே தெரியாது. தூக்கம் கெட்டு, பசி கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் ஓடினால் அது செயலி நீக்கித் தீரும் விஷயம் இல்லை, மருத்துவரிடம் போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு எந்த வயதில் அனுமதிக்கலாம்?

பெரும்பாலான தளங்கள் 13 என்கின்றன. இது குழந்தை வளர்ச்சி நிபுணர்கள் உட்கார்ந்து குறித்த வயது இல்லை. 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைத் திரட்டப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அமெரிக்கா 1998-இல் சட்டம் போட்டது. நிறுவனங்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் கணக்கு வைத்திருக்கத் தடை விதித்து 2024-இல் சட்டம் இயற்றியது. 2025 டிசம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தண்டனை நிறுவனத்துக்குத்தான், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. அந்த அணுகுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டைப் பொறுத்தவரை, வயதைவிட ஒரு கேள்வியை முக்கியமாக நினைக்கிறேன்: விபரீதமாக ஏதாவது நடந்தால் பிள்ளை உங்களிடம் வந்து சொல்லுமா? 'சொன்னால் ஃபோனைப் பிடுங்கிவிடுவார்கள்' என்று பயந்து மறைக்கும் பிள்ளைதான் பெரிய ஆபத்தில் மாட்டுகிறது. சொன்னதற்காக ஃபோனைப் பறிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்ததைக் காப்பாற்றுங்கள்.

என் பெயரும் படமும் வைத்து யாரோ கணக்கு ஆரம்பித்து என் நண்பர்களிடம் பணம் கேட்கிறார்கள்.

அந்தப் போலிக் கணக்கின் பக்கத்துக்கே போய் 'வேறொருவரைப் போல் நடிக்கிறார்' என்ற காரணத்தைத் தேர்ந்து புகார் செய்யுங்கள். நண்பர்கள் நாலைந்து பேரையும் செய்யச் சொல்லுங்கள். உங்கள் உண்மையான கணக்கில் ஒரு பதிவு போடுங்கள். நண்பர் பட்டியலை மற்றவர் பார்க்க முடியாதபடி மறைத்துவிடுங்கள். யாரிடம் பணம் கேட்பது என்ற பட்டியலை மோசடிக்காரர் அங்கிருந்துதான் எடுக்கிறார். இரண்டு கட்டச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் வசதி) அவசியம் போடுங்கள், ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்.

உங்களிடம் யாராவது அப்படிப் பணம் கேட்டால் குரல் கேட்டுப் பேசிய பிறகுதான் எதுவும். நான் இதைச் சொல்லிக்கொடுப்பவன். ஒரு முறை பழைய நண்பர் பெயரில் வந்த அவசரச் செய்தியை நம்பிப் பணம் அனுப்பிவிட்டேன். தொகை சின்னதுதான், வெட்கம் பெரியது.

அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

பணம் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பிளாக் செய்துவிட்டு, காவல்துறையிடம் புகார் கொடுங்கள். நம்பும் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசச் சேவை இருக்கிறது. உங்கள் படத்திலிருந்து எண்களால் ஆன ஒரு கைரேகை போன்ற அடையாளத்தை உங்கள் ஃபோனிலேயே உருவாக்கும். படம் ஃபோனை விட்டு வெளியே போகாது. சேவையில் இணைந்துள்ள தளங்கள் அந்த அடையாளத்தை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்துத் தடுக்கும். இது 18 வயதானவர்களுக்கு. படம் எடுத்தபோது அதற்குக் குறைந்த வயது என்றால் டேக் இட் டவுன் என்ற சேவையும் இதே முறையில் வேலை செய்கிறது. தவறு மிரட்டுபவருடையது என்பதைப் பாதிக்கப்பட்டவரிடம் முதலில் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் அப்புறம் பேசலாம்.

சின்ன வியாபாரம் செய்கிறேன். தனி இணையதளம் வேண்டுமா, இன்ஸ்டாகிராம் பக்கம் மட்டும் போதுமா?

தொடங்க அது போதும். ஆனால் அது வாடகை இடம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. அவற்றை மட்டும் நம்பிக் கடை வைத்தவர்களுக்கு அன்று கடையே இல்லை. ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது. மைஸ்பேஸ், சேமிப்பகம் மாற்றியபோது பயனர்கள் பன்னிரண்டு ஆண்டு காலம் ஏற்றிய பாடல்களைத் தொலைத்துவிட்டதாக 2019-இல் ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அவர்கள் சம்மதத்தோடு உங்களிடம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். படங்களுக்கும் அப்படியே, பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கணக்கை நீக்கினால் எல்லாம் அழிந்துவிடுமா?

முடக்குவது வேறு, நீக்குவது வேறு. முடக்கினால் உங்கள் பக்கம் மறையும். தகவல் அவர்களிடமே இருக்கும். நீக்கச் சொன்னால் ஃபேஸ்புக் 30 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் மனம் மாறித் திரும்பிப் போனால் நீக்கம் ரத்து. அதன் பிறகு முழுவதும் அழிய மொத்தம் 90 நாள் வரை ஆகலாம். நீங்கள் அடுத்தவருக்கு அனுப்பிய செய்திகள் அவர் உள்பெட்டியில் இருக்கும். யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை யாராலும் அழிக்க முடியாது.

நீக்கும் முன் உங்கள் தகவலின் பிரதியைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். அதே கணக்கை வைத்து வேறு எந்தெந்தத் தளங்களில் நுழைகிறீர்கள் என்றும் பாருங்கள். இதை மறந்துவிட்டு வேறு செயலிகளின் கதவுகளும் சாத்திக்கொண்ட பிறகு என்னிடம் வந்தவர்கள் பலர்.

நீங்கள் எதையெல்லாம் பயன்படுத்துகிறீர்கள்?

வாட்ஸப் ஃபோனில் இருக்கிறது, குரூப்புகள் எல்லாம் ம்யூட்டில். ஃபேஸ்புக் கணினியில் மட்டும். ஒரு பழைய புகைப்படக் குழுவுக்காகவும் முன்னாள் மாணவர்களுக்காகவும். இன்ஸ்டாகிராமை மூன்று முறை நீக்கி மூன்று முறை திரும்ப வைத்தேன். இப்போதைக்கு இல்லை. அடுத்த மாதம் கேட்டால் பதில் மாறியிருக்கலாம்.